ஆபீஸ் அறையில் மெயில் சர்வர் ஓடுமா? மார்த்தாண்டம் வாசகருக்குப் பதில்

கேள்வி: "சார், மார்த்தாண்டம் பக்கத்தில் தேனும் தேனீப் பெட்டியும் விற்கிற குடும்ப வியாபாரம் எங்களுடையது. கணக்கு, ஆர்டர், ஏற்றுமதி என்று 14 மெயில் முகவரிகள் வைத்திருக்கிறோம். ஒன்றுக்கு மாதம் 125 ரூபாய் வீதம் 1,750 ரூபாய் போகிறது. ஆபீஸில் சும்மா கிடந்த ஐ5 கம்ப்யூட்டரில் (8 ஜிபி ராம், 1 டிபி டிஸ்க்) டெபியன் (லினக்ஸ்), போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பிப் பெறும் புரோகிராம்), டவ்காட் (பெட்டியிலிருந்து மெயிலை எடுத்துத் தரும் புரோகிராம்) எல்லாம் போட்டேன். ஆபீஸுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பினால் நொடியில் போகிறது. வெளியிலிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை. வெளியே அனுப்பினால் 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்று வரிசையிலேயே நிற்கிறது. ரூட்டரில் 25ஆம் போர்ட்டை (மெயில் போய்வரும் வாசல் எண்) திறந்துவிட்டும் பயனில்லை. ரூட்டருக்குள் 100.72 என்று தொடங்கும் ஐபி தெரிகிறது. வெளியே பார்த்தால் வேறு ஐபி. பிறகு நாகர்கோவிலில் நண்பரின் கடையில், நிலையான ஐபி உள்ள லைனில் மாட்டினேன். மெயில் வெளியே போனது. ஆனால் ஜிமெயில் 5.7.25 என்று எண் போட்டுத் திருப்பிவிட்டது, அவுட்லுக் எஸ்3150 என்றது. ஓணத்துக்கு முன்பு கேரளத்தில் 700 கடைகளுக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். அண்ணன் 'இந்த வேலையே வேண்டாம்டே' என்கிறார். விட்டுவிடவா?"

பதில்:

விட வேண்டாம். சர்வர் இருக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் சரியாகவே அமைந்திருக்கின்றன. ஆபீஸுக்குள் மெயில் போய் வருவதே அதற்குச் சாட்சி. மெயிலைப் பெறுவதும் சேர்த்து வைப்பதும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் முடிகிற காரியம். அனுப்புவது அப்படியல்ல. உங்கள் ஐபி முகவரியை எதிர்ப்பக்கத்துச் சர்வர் நம்பினால்தான் கதவைத் திறக்கும். அந்த நம்பிக்கையை உங்கள் செட்டிங்கால் மட்டும் சம்பாதிக்க முடியாது. உங்களுக்கு வந்த நான்கு தடைகளுமே லைனும் ஐபியும் சம்பந்தப்பட்டவை.

முதலில் உள்ளே வராதது ஏன் என்று பார்ப்போம். 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள ஐபிகள், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பங்கிட்டுத் தரும்போது நடுவில் வைக்கும் முகவரிகள். உங்கள் 100.72 அதில் அடங்கும். நீங்கள் திறந்தது உங்கள் ரூட்டரின் கதவு. அதற்கு முன்னால் நிறுவனத்தின் கதவு ஒன்று இருக்கிறது. அது உங்கள் கையில் இல்லை. இந்த லைனில் எந்த போர்ட்டைத் திறந்தாலும் வெளியாள் உள்ளே வர வழியே கிடையாது.

வெளியே போகாததற்குக் காரணம் வேறு. வீட்டு லைன்களிலிருந்து ஸ்பாம் கிளம்பாமலிருக்க, வெளிநோக்கிய 25ஆம் போர்ட்டை இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் அடைத்து வைக்கின்றன. ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு மெயிலை ஒப்படைப்பது 25ஆம் போர்ட் வழியாக மட்டுமே. அதற்குப் பதில் 587, 465 என்று மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த இரண்டும் உங்கள் ஆட்கள் பாஸ்வேர்டு கொடுத்து உங்கள் சர்வரில் மெயிலை ஒப்படைப்பதற்கான வழிகள்.

நண்பரின் கடையில் 25 திறந்திருந்தது. அங்கே ஜிமெயில் சொன்ன 5.7.25க்கு அர்த்தம், அந்த ஐபிக்கு பிடிஆர் ரெக்கார்டு இல்லை, அல்லது அது சொல்லும் பெயர் அதே ஐபியைத் திருப்பிக் காட்டவில்லை என்பது. பெயரிலிருந்து ஐபியைச் சொல்வது ஏ ரெக்கார்டு. ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது பிடிஆர். இதை உங்கள் டொமைன் பக்கத்தில் போட முடியாது, ஐபிக்குச் சொந்தக்காரரான நிறுவனம்தான் போட வேண்டும். எஸ்3150 என்றால் அந்த ஐபி இருக்கும் நெட்வொர்க்கே மைக்ரோசாஃப்ட்டின் தடைப்பட்டியலில் இருக்கிறது. நண்பர் ஸ்பாம் அனுப்பியிருக்க வேண்டியதில்லை. பக்கத்து ஐபிக்காரர் அனுப்பினாலும் இப்படி ஆகும்.

ஆபீஸ் லைனுக்கே நிலையான ஐபி வாங்கி, பிடிஆரும் போடச் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நடுவில் சித்திரை மாதத்துக் கோடை இடி வேறு. ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்டும் போகும், ஃபைபரும் போகும். பொதுவாக, நீங்கள் இறங்கிக் கிடந்தாலும் அனுப்பும் சர்வர் மெயிலைத் தூக்கி எறிந்துவிடாது. 4, 5 நாட்கள் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான கெடு 5 நாட்கள். ஒரு மணி நேரம் கரண்ட் போனால் மெயில் தாமதமாகுமே தவிரத் தொலையாது. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு வாரம் வந்தால், வளைகுடாவிலிருந்து ஆர்டர் அனுப்பியவருக்கு 'முகவரிக்குச் சேர்க்க முடியவில்லை' என்று மெயில் திரும்பிப் போகும். யுபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்கும், ஒரு வாரம் தாங்காது.

ஆகவே என் யோசனை: சர்வரை ஒரு டேட்டா சென்டரில் வாடகை விபிஎஸ்ஸில் (பெரிய கம்ப்யூட்டரில் நமக்கென்று பிரித்துத் தரும் சர்வர்) வையுங்கள். ஐ5 கம்ப்யூட்டரை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் மிச்சமாகும் என்ற ஒரே கணக்கில் இறங்காதீர்கள். விபிஎஸ் வாடகையையும் உங்கள் நேரத்தையும் கூட்டினால் 1,750க்குப் பெரிதாகக் குறையாது. முகவரிகள் சில கூடினாலும் வாடகை ஏறாது, மெயில் முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். லாபம் இந்த இரண்டுதான். வாரம் அரை மணி நேரம் தவறாமல் ஒதுக்க முடியுமா என்பதை அண்ணனோடு பேசி முடிவு செய்யுங்கள். முடியாதென்றால் இப்போதுள்ள சேவையே நல்லது.

விபிஎஸ் எடுக்கும் முன் விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வெளிநோக்கிய 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா? பிடிஆரை நானே மாற்ற முடியுமா? பெரிய கிளவுட் நிறுவனங்களிலும் 25 இயல்பாக அடைத்தே இருக்கும். சிலர் விண்ணப்பித்தால் திறப்பார்கள், சிலர் திறக்கவே மாட்டார்கள். சர்வர் கைக்கு வந்ததும், எதையும் நிறுவும் முன்பே, கிடைத்த ஐபியை ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்களில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் அந்தச் சர்வரை அழித்துவிட்டு வேறொன்று எடுங்கள். கெட்ட பெயரெடுத்த ஐபியைத் துடைத்துச் சுத்தமாக்க மாதக்கணக்காகும்.

அளவு: 2 கோர், 4 ஜிபி ராம், 80 ஜிபி டிஸ்க். ஆளுக்கு 3 ஜிபி என்று ஒதுக்கினால் 14 பேருக்கு 42 ஜிபி. மீதி லாக்குக்கும் (சர்வர் எழுதும் நடப்புப் பதிவு) வரிசைக்கும். 2 ஜிபி ராமில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஸ்பாம் வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி மூன்றும் ஓடிவிடும். ஆனால் வைரஸ் பார்க்கும் கிளாம்ஏவி தனியே 1 ஜிபிக்கு மேல் தின்னும், தன் பட்டியலைப் புதுப்பிக்கும் நிமிடங்களில் ஏறக்குறைய இரு மடங்கு. ராம் தீர்ந்ததும் லினக்ஸ் ஏதோ ஒரு புரோகிராமைக் கொல்லும். அது டவ்காட்டாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெயில் நிற்கும். மெயில்கவ் போன்ற ஆயத்தத் தொகுப்பு எடுத்தால் 6 ஜிபி ராமும் 1 ஜிபி ஸ்வாப்பும் (ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) கேட்கும். நீங்கள் ஏற்கெனவே போஸ்ட்ஃபிக்ஸைக் கையால் அமைத்துவிட்டீர்கள், அப்படியே தொடருங்கள். பழுது வந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

அடுத்து டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயர்களின் முகவரிப் பதிவேடு. நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. சர்வருக்கு 'மெயில்' என்ற முன்னொட்டோடு உங்கள் டொமைனில் ஒரு பெயர் வையுங்கள். அந்தப் பெயரின் ஏ ரெக்கார்டு விபிஎஸ் ஐபியைக் காட்ட வேண்டும், பிடிஆர் அதே பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும், போஸ்ட்ஃபிக்ஸ் எதிர்ப்பக்கத்துச் சர்வருக்கு வணக்கம் சொல்லும்போதும் அதே பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். உங்கள் மெயிலை எந்தச் சர்வரிடம் தர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டில் இந்தப் பெயரைப் போடுங்கள்; நேரடியாக ஐபியையோ, சிநேம் ரெக்கார்டு (வேறொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்) உள்ள பெயரையோ போடக் கூடாது.

பலர் தடுக்கி விழும் இடம் ஐபிவி6, அதாவது புது வகை நீள ஐபி (பழையது ஐபிவி4). விபிஎஸ்ஸோடு ஐபிவி6 முகவரியும் தானாக வந்திருக்கும். ஜிமெயிலும் ஐபிவி6 பேசும். ஆகவே போஸ்ட்ஃபிக்ஸ் அந்த வழியாகவும் போகும், அந்த முகவரிக்குப் பிடிஆர் இல்லாததால் திரும்பி வரும். 'நேற்று போனது, இன்று போகவில்லை' என்ற புதிர் பலருக்கு இப்படித்தான் வருகிறது. ஐபிவி6க்கும் பிடிஆரும் எஸ்பிஎஃப்பும் (அடுத்த பத்தியில் சொல்கிறேன்) போடுங்கள். அல்லது போஸ்ட்ஃபிக்ஸின் ஐநெட் புரோட்டோகால்ஸ் வரியில் ஐபிவி4 மட்டும் என்று நிறுத்துங்கள். தொடக்கத்துக்கு இரண்டாவதே போதும்.

எஸ்பிஎஃப், 'எங்கள் பெயரில் இந்த ஐபி மட்டுமே அனுப்பும்' என்ற அறிவிப்பு. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். பழைய சேவையின் வரியை நீக்காமல் புதியதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் பலரைச் சேர்க்கும்போது உள்ளுக்குள் 10 டிஎன்எஸ் தேடலைத் தாண்டினாலும் செல்லாது. டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் போடும் கையெழுத்து. 2048 பிட் சாவி எடுங்கள். அது டிஎன்எஸ்ஸில் இதை வைக்கும் டிஎக்ஸ்டி ரெக்கார்டில் ஒரு துண்டின் 255 எழுத்து எல்லையைத் தாண்டும் என்பதால் இரண்டு துண்டாக மேற்கோள் குறிக்குள் உடைத்துப் போட வேண்டியிருக்கும். ஒட்டும்போது நடுவில் ஒரு எழுத்து விடுபட்டாலும் கையெழுத்து பொய்யாகிவிடும். இந்த இரண்டிலுமே தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். அதை முதலில் 'நன்' (none, ஒன்றும் செய்யாதே) என்ற நிலையில் வைத்து, அறிக்கைகள் வர ஒரு முகவரி கொடுங்கள். மூன்று, நான்கு வாரம் அறிக்கைகளைப் பாருங்கள். உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரும் வெப்சைட் விசாரணைப் படிவமும் உங்கள் பெயரில் வேறு ஐபியிலிருந்து மெயில் அனுப்பிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். அவற்றைச் சரிசெய்த பிறகே 'குவாரன்டைன்' (ஸ்பாம் பெட்டிக்கு), அதற்கும் பிறகு 'ரிஜெக்ட்' (ஏற்காதே). அவசரப்பட்டு ரிஜெக்ட் போட்டால் உங்கள் பில்லே வாடிக்கையாளருக்குப் போகாது.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், பிடிஆர், டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்காதபடி மறைத்து அனுப்புவது) ஆகியவற்றைக் கேட்கிறது. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது. நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். நீங்கள் அந்த அளவில் இல்லை. ஆனாலும் மூன்றையும் வையுங்கள்.

இனி சர்வருக்குள். பாஸ்வேர்டு இல்லாமல் அனுப்ப விடும் ஐபிகளைச் சொல்லும் மைநெட்வொர்க்ஸ் வரியில் 127.0.0.0/8 (அந்தச் சர்வரே) மட்டும் இருக்கட்டும். ஆபீஸ் ஐபியை அதில் சேர்த்தால் பாஸ்வேர்டு இல்லாமலே அனுப்பலாம் என்று ஒரு யோசனை தோன்றும், செய்யாதீர்கள். உங்கள் ஆபீஸ் லைன் பலருக்குப் பொதுவான ஐபி, அதன் பின்னாலிருக்கும் அத்தனை வீடுகளும் உங்கள் சர்வர் வழியாக அனுப்ப முடியும்.

ஸ்பாம்ஹாஸ் பட்டியலை வைத்து வரும் மெயிலை வடிகட்டப் போகிறீர்கள் என்றால், சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் ரிசால்வரை (டிஎன்எஸ்ஸில் தேடிப் பதில் தரும் புரோகிராம்) நிறுவுங்கள். 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254 என்று பிழைக்குறியீட்டைத் தரும். போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் பார்த்து 'பட்டியலில் இருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டு, வரும் மெயில் அத்தனையையும் விரட்டிவிடும். ஒருவர்கூட மெயில் அனுப்ப முடியவில்லை என்று போன் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மெயில் சர்வரின் பெயர் கெடுவது பெரும்பாலும் ஒரு எளிய பாஸ்வேர்டால். கணக்குப் பிரிவில் ஒருவர் கடைப் பெயரோடு 123 சேர்த்து வைத்திருப்பார். ஒரு சனிக்கிழமை இரவு அதைக் கண்டுபிடித்தவன் விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் அனுப்பிவிடுவான். திங்கள் காலையில் ஐபி எல்லாப் பட்டியலிலும் இருக்கும். ஆகவே பாஸ்வேர்டை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள், 16 எழுத்துக்குக் குறையாமல். தவறாக முயல்பவனைத் தடுக்க ஃபெயில்டுபேன் வையுங்கள். ஆர்ஸ்பாம்டியில் ஆளுக்கு மணிக்கு 60 மெயில் என்று வரம்பு போடுங்கள். உங்கள் வியாபாரத்துக்கு அது தாராளம். வரிசையில் 50க்கு மேல் மெயில் நின்றால் போனுக்குத் தகவல் வரும்படி சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள். அந்தத் தகவல் இதே சர்வரின் மெயிலாக இருக்கக் கூடாது, வேறு வழியில் வரட்டும்.

சர்வரோடு பேசுவதை மறையாக்க லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். செர்ட்பாட் என்ற புரோகிராம் அதைத் தானே புதுப்பித்துவிடும். ஆனால் டவ்காட்டை மறுபடி ஏற்றாவிட்டால் அது பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். காலாவதியான அன்று 14 போன்களிலும் எச்சரிக்கை வரும். புதுப்பித்ததும் டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டையும் ரீலோடு செய்யும் கட்டளையைச் செர்ட்பாட்டிலேயே கட்டிவிடுங்கள். முன்பு காலாவதிக்கு முன் நினைவூட்டல் மெயில் வரும். 2025 ஜூனிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள்.

டெபியன் 12லிருந்து 13க்கு மேம்படுத்தும்போது எச்சரிக்கை தேவை. 13இல் வருவது டவ்காட் 2.4. அதன் கான்ஃபிக் (செட்டிங் கோப்பு) எழுதும் முறையே மாறிவிட்டது, 2.3க்கு எழுதிய கோப்பை வைத்து அது தொடங்காது. புதிதாகத் தொடங்கும் நீங்கள் 13இலேயே தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பெரும்பாலும் 2.3க்கு எழுதியவை என்பதை மனதில் வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் சில வாரங்கள் மெயில் ஸ்பாம் பெட்டிக்குப் போகலாம். புது ஐபிக்கு வரலாறு இல்லை என்பதே காரணம். முதல் வாரம் நன்கு தெரிந்த 20 வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். ஸ்பாம் பெட்டியில் கிடந்தால் 'ஸ்பாம் அல்ல' என்று அழுத்தி, பதில் ஒன்றும் போடச் சொல்லுங்கள். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸிலும் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்என்டிஎஸ்ஸிலும் பதிந்துகொள்ளுங்கள்; உங்கள் மெயிலை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அங்கே தெரியும். மீண்டும் எஸ்3150 வந்தால் மைக்ரோசாஃப்ட்டின் விடுவிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். முதல் பதில் மறுப்பாக வந்தாலும் விடாமல் அதே மெயிலுக்கு மறுபடி எழுதுங்கள். லாக்கில் 4இல் தொடங்கும் எண் வந்தால் தற்காலிகம், போஸ்ட்ஃபிக்ஸ் தானே மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் முடிந்த கதை, காரணத்தைத் தீர்த்துவிட்டுப் புதிதாகத்தான் அனுப்ப வேண்டும்.

இரண்டு மாதம் போராடியும் அவுட்லுக் திறக்கவில்லையென்றால், வெளியே போகும் மெயிலை மட்டும் ஒரு ரிலே சேவை (உங்கள் மெயிலை வாங்கித் தன் ஐபியிலிருந்து அனுப்பித் தருவது) வழியாக அனுப்புங்கள். ரிலேஹோஸ்ட் வரியில் அவர்கள் முகவரியைப் போட்டு, அவர்கள் தரும் பாஸ்வேர்டையும் அமைத்து, எஸ்பிஎஃப்பில் அவர்களையும் சேருங்கள். பெட்டிகளும் பழைய கடிதங்களும் உங்களிடமே இருக்கும். இதில் ஒரு குறைவும் இல்லை.

ஓணம் விலைப்பட்டியலை இந்தச் சர்வரிலிருந்து அனுப்பாதீர்கள். மாதம் முழுக்க நாளுக்கு 30, 40 மெயில் அனுப்பிய ஐபி ஒரே காலையில் 700 அனுப்பினால், திருட்டுப் போன சர்வர் என்றே எதிர்ப்பக்கம் நினைக்கும். அந்த 700இல் மூன்று பேர் 'ஸ்பாம்' என்று அழுத்தினாலே 0.3 தாண்டிவிடும். அதற்கு மொத்த மெயில் அனுப்பும் சேவை ஒன்றை எடுத்து, தனி சப்டொமைனிலிருந்து அனுப்புங்கள். அங்கே பெயர் கெட்டாலும் உங்கள் தினசரி ஆர்டர் மெயில் பாதிக்கப்படுவது குறையும். பட்டியல் 18 எம்பி பிடிஎஃப்பாக இருந்தால் இணைக்காதீர்கள். மெயிலில் இணைப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கும். 18 என்பது 24ஐத் தாண்டிவிடும், ஜிமெயிலில் அனுப்புவதற்கு எல்லை 25. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான எல்லை 10 எம்பி சுற்றுவட்டாரம். அதை 30 எம்பி ஆக்குங்கள்.

பேக்கப்புக்கு வருவோம். ஐ5 கம்ப்யூட்டர் தினமும் இரவு 2 மணிக்கு விபிஎஸ்ஸிலிருந்து மெயிலை இழுத்துக்கொள்ளட்டும். சர்வர் இங்கே தள்ளும்படி வைக்காதீர்கள்; சர்வருக்குள் புகுந்தவன் அந்த வழியாகவே பேக்கப்பையும் அழித்துவிடுவான். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு என்பதால் முதல் நாளைத் தவிர மற்ற நாட்களில் புதியவை மட்டுமே இறங்கும். பழைய நாட்களின் நிலையும் கிடைக்கும்படி ரெஸ்டிக் என்ற பேக்கப் புரோகிராமைப் பயன்படுத்துங்கள். வெறும் நகல் என்றால் தவறுதலாக அழித்த மெயில் மறுநாள் நகலிலும் அழிந்திருக்கும். மெயிலோடு கான்ஃபிக் கோப்புகள், டிகிம் சாவி, பயனர் பட்டியலும் சேரட்டும். வாரம் ஒருமுறை யுஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள்; இடி இறங்கும்போது செருகியிருக்கும் டிஸ்க் கம்ப்யூட்டரோடு சேர்ந்து போகும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பெட்டியை பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள்.

வாரத்து அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை: பாதுகாப்பு அப்டேட், டிஸ்க்கில் மீதி இடம் (80 சதவீதம் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும், நிரம்பினால் மெயில் உள்ளே வராது), வரிசை நீளம், டிமார்க் அறிக்கை, தடைப்பட்டியல் சோதனை. வெப்மெயில் (பிரௌசரில் மெயில் பார்க்கும் வசதி) தேவையில்லையென்றால் நிறுவாதீர்கள்; நிறுவினால் அதன் அப்டேட்டை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

டொமைன் பதிவு செய்த கணக்கிலும் விபிஎஸ் கணக்கிலும் தொடர்பு முகவரியாக இதே டொமைன் மெயிலைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். டொமைன் காலாவதியானால் மெயில் நிற்கும். மெயில் நின்றால் புதுப்பிக்கும் கணக்குக்குள் போக மெயிலில் வரும் ரகசிய எண்ணும் வராது. அந்த இரண்டுக்கும் வெளி மெயில் முகவரி ஒன்று, அதன் பாஸ்வேர்டு ஒரு தாளில், அண்ணன் கையில்.

மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே எம்எக்ஸின் டிடிஎல்லை (பழைய ரெக்கார்டை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 300 நொடியாகக் குறையுங்கள். மெயில் பெட்டிகளை நகலெடுக்கும் ஐமேப்சிங்க் வைத்துப் பழைய பெட்டிகளை முதல் தடவை நகலெடுங்கள். சனிக்கிழமை மாலை எம்எக்ஸை மாற்றுங்கள், ஞாயிறு முழுக்க விடுங்கள், திங்கள் காலை ஐமேப்சிங்கை இன்னொரு தடவை ஓட்டினால் இடையில் பழைய இடத்தில் விழுந்தவையும் வந்து சேரும். பழைய சேவைக்கு இன்னும் ஒரு மாதம் பணம் கட்டுங்கள். ஓணத்துக்கு ஆறு வாரத்துக்குள் நாள் இருந்தால் இதைத் தொடங்காதீர்கள். விற்பனை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.